படத்தின் கீழே ஒரு சிவப்புக் கோடு

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். "கஸ்டமர் வீட்டு ஸ்மார்ட் டி.வி.யில், படம் பார்க்கிற ஆப்பில் யாருடைய பழைய கணக்கோ இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நம் இணைப்போடு வரும் புதுக் கணக்கைப் போட்டுவிடலாமா?" அதற்கு நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. குழுவிலிருந்து என்னை நீக்க எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மறந்தது உங்கள் தப்பு, ஆகையால் பதிலை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கம்பி இழுப்பது, பெட்டி மாட்டுவது, மென்பொருள் ஏற்றுவது இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் தர்மபுரியில் கேபிள்காரனாக மொட்டை மாடி ஏறி ஆரம்பித்தவன். பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. அதில் கோயில் நேரலை, சமையல், வினாடி வினா என்று ரிமோட்டின் நான்கு நிறப் பொத்தான்களில் நான்கு உலகம் இருந்தது. அப்புறம் இன்டர்நெட் டி.வி. வந்தது, பொத்தான்கள் எல்லாம் திரைக்குள் போய்விட்டன. பாதி வீடுகளில் இன்றைக்கும் இரண்டும் இருக்கின்றன. முன்னறையில் பழைய பெரிய வயிற்று டி.வி., உள்ளறையில் சுவரோடு ஒட்டிய புது டி.வி. இந்த உலகத்திலிருந்து அந்த உலகத்துக்கு எப்படிப் போவது, போனால் எப்படித் திரும்பி வருவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் கடைசி இருபது வருட வேலை. அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் இரண்டு பேருக்கு நான் கும்பிடு போட்டாக வேண்டும்.

முதலாமவர் பென்னாகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய். பெட்டிகள் புதிதாக வந்த காலம். ஒரே வாரத்தில் மூன்று முறை "படம் வரல, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். மூன்று முறையும் பஸ் பிடித்துப் போய் நான் செய்தது ஒன்றே ஒன்று, 'சோர்ஸ்' பொத்தானை ஒருதரம் அமுக்கினேன். யாரோ அதைத் தெரியாமல் தொட்டுவிடுகிறார்கள், திரை நீலமாகிவிடுகிறது, அவ்வளவுதான். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் ஆள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், "இதுக்கா பாய் என்னை அலைய வெக்கறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் உள்ளே போய்ப் பேத்தியின் நகப்பூச்சு பாட்டிலை எடுத்து வந்தார்.

"நீங்க வந்து படக்குனு ஒண்ண அமுக்கிட்டுப் போயிடறீங்க. எதை அமுக்கினீங்கன்னு எங்களுக்குத் தெரியலீங்க. அதுமேல ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிடுங்க, அப்புறம் நான் கூப்புடவே மாட்டேன்" என்றார்.

வைத்தேன். அவர் சொன்னபடியே கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து என் கருவிப் பையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒன்று எப்போதும் இருக்கும். அதை முதன்முதலில் பார்த்த அன்று என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

இரண்டாமவரை நான் பார்த்ததே இல்லை. பேரும் தெரியாது. சேலத்தில் இருந்த எங்கள் புகார் மையத்தில் நான்காம் எண்ணை அழுத்தினால் ஒரு பெண் பேசுவார். என்னைவிடச் சின்னவர் என்று குரலில் தெரியும். டி.வி.யைக் கண்ணால் பார்க்காமலேயே, எந்த ஊர் எந்த வீடு என்று தெரியாமலேயே, போனில் கேட்டுக் கேட்டுக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். நான் எதிரே உட்கார்ந்துகொண்டு முழிப்பேன். ஒருநாள் பொறுக்காமல், "எப்படிம்மா இது?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க எல்லாரும் போன உடனே, டி.வி.ல இப்ப என்ன தெரியுதுன்னு கேக்கறீங்கண்ணா. கெட்டுப்போன டி.வி.ல என்ன தெரியும்? நேத்து என்ன தெரிஞ்சுதுன்னு கேளுங்க. அவங்களுக்கு அதுதான் வேணும்" என்றார்.

எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பினார்கள், டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். என் மண்டையில் ஒட்டியது இந்த ஒரு வாக்கியம்தான். ஒட்டி என்ன பிரயோஜனம்? வேண்டிய நாளில் அதை மறந்தேன்.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் வழியில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு தக்காளித் தோட்டம். அங்கே பெரியசாமி என்பவர் வீட்டில் வேறு கம்பெனி நெட்டை எடுத்துவிட்டு நம் புது இணைப்பு கொடுக்கப் போயிருந்தேன். அவரும் அவர் மனைவி மாதம்மாவும் மட்டும்தான். முன்னறையில் பழைய டி.வி., உள்ளறையில் புது டி.வி. அந்தப் புது டி.வி.யை வாங்கி அனுப்பியது அவர்களுடைய ஒரே மகன் சக்தி, புனே பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இதைக்கூட அக்கம்பக்கத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் அந்தப் பேரை யாரும் சொல்லவில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். பெரியசாமி தன் தங்கை மகளை அவனுக்குப் பேசி முடித்து நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார். பையன் போனில் "வேண்டாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான், வந்தால் சரியாகிவிடுவான் என்று இவர் நினைத்திருக்கிறார். நிச்சயத்தன்று பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருக்கப் பையன் வரவே இல்லை. தங்கை தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அழுதபடி போனாள். அன்றைக்குப் பெரியசாமி, இனி அவன் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அவர் சட்டைப் பையில். பையன் கூப்பிட்டால் கட் பண்ணிவிடுவார். சில மாதங்களில் அவனும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். நான் போனபோது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"எனக்கு இந்தப் பழசு போதும்ங்க. காலைல கோயில் வருது, சாயங்காலம் நியூஸ் வருது. உள்ள இருக்கற அந்தக் கண்றாவிய நான் தொடறதே இல்ல. இவதான் சீரியல் பாப்பா" என்றார் பெரியசாமி.

நான் உற்சாகமாக இருந்தேன். ஒரே பெட்டியில் பழைய டி.வி.யிலும் எல்லாம் வரும்படி செய்தேன். ஒரு பொட்டு வைத்த பொத்தான் கோயிலுக்கு, இரண்டு பொட்டு வைத்தது சீரியலுக்கு என்று இரண்டு ரிமோட்டிலும் நகப்பூச்சு வைத்தேன். பிறகு உள்ளறைக்குப் போனேன். புது டி.வி.யில் பையனுடைய போன் நம்பரில் திறந்த கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம் இணைப்போடு அதே சேவை இலவசமாக வருகிறதே, எதற்கு இன்னொருவர் கணக்கு? வெளியேறு என்பதை அமுக்கினேன். பெரியசாமியின் நம்பரைப் போட்டேன், அவர் சட்டைப் பையில் ஓ.டி.பி. வந்தது, புதுக் கணக்கு பளிச்சென்று திறந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மாதம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டது. "அண்ணா, இதுல முன்னாடி இருந்ததெல்லாம் இருக்குமில்லீங்க?"

"அதைவிட நூறு மடங்கு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பார்த்தீர்களா? கேள்வியே என் வாசலுக்கு வந்து நின்றது. முன்னாடி என்ன இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு அன்று இன்னும் மூன்று வீடு பாக்கி.

நான்காம் நாள் காலையில் போன் வந்தது. பேசியது பெரியசாமி. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"என்னா பண்ணிட்டுப் போனீங்க நீங்க?"

"ஏங்க, படம் வரலீங்களா?"

"படம் நல்லாத்தான் வருது. அவ மூணு நாளா சரியா சோறு தின்னல. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. உள்ள போயி டி.வி.ய போடறா, பாக்கறா, நிறுத்தறா. எனக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்ல என்ன இருந்துதோ அத வெச்சுட்டுப் போயிடுங்க."

இந்தத் தொழிலில் படம் வராத புகாருக்கு நாம் பயப்படுவதில்லை. படம் நன்றாக வருகிறது, ஆனால் வீட்டில் ஒருவர் சாப்பிடவில்லை என்று ஒரு புகார் வந்தால் என்ன செய்வது? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். போய் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒலி, படம், இணைப்பு வேகம் எதிலும் குறை இல்லை. பெரியசாமி, "தோட்டத்துல வேலை கெடக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மாதம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றது. என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா" என்றது.

எனக்கு அந்த நான்காம் எண் பெண்ணின் ஞாபகம் வந்தது. புகார் மையத்துக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு இயந்திரம். ஒன்றை அழுத்தினேன். புதிய இணைப்புக்கு ஒன்று, கட்டணத்துக்கு இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. எங்கே போனார், என்ன ஆனார் என்று விசாரிக்க எனக்கு ஒரு பேர்கூட இல்லை. தெரிந்தேதான் போட்டேன். அந்தக் குரலை ஒருமுறை கேட்டால் தேவலை என்று இருந்தது. இப்போதும் சில நாள் அப்படி இருக்கிறது, சொல்வதற்கென்ன.

போனை வைத்துவிட்டு, அவர் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பாரோ அதைக் கேட்டேன்.

"தங்கச்சி, நான் வர்றதுக்கு மொத நாள் இந்த டி.வி.ல என்ன தெரிஞ்சுது? அத மட்டும் சொல்லும்மா."

மாதம்மா டி.வி. கிட்டே வந்து விரலால் காட்டியது.

"இங்க, இந்த எடத்துல ஒரு வரிசை இருக்கும்ணா. சின்னச் சின்னதா படம். ஒவ்வொரு படத்துக்கும் கீழ செவப்பா ஒரு கோடு. நானு கொஞ்சம் பாத்தா கொஞ்சம் நீளும். நான் பாக்காத படமும் அதுல இருக்கும். சண்டைப் படம், கார் ஓட்டற படம். அது சக்தி பாக்கறது. காலைல எந்திரிச்சு டி.வி.ய போட்டா அந்தக் கோடு கொஞ்சம் நீண்டிருக்கும். சரி, புள்ள வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டான், சோறு திங்கறான்னு நெனச்சுக்குவேன். சின்னதுல இருந்தே அவனுக்கு எதையாவது பாத்துக்கிட்டேதான் சோறு எறங்கும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். மாதம்மா நிறுத்தவில்லை. ஒன்றரை வருடமாக யாரிடமும் சொல்லாததை ஒரு டி.வி. மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"போன ஆடியில ஒரு வாரம் கோடு நகரவே இல்ல. காச்சலோ என்னமோன்னு மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சேன். எட்டாம் நாளு பாத்தா ஒரே நாள்ல மூணு படம் பாத்திருக்கான். படுத்தே கெடந்து பாத்திருக்கான். அப்பறம்தான் எனக்கு உசுரு வந்துது. ஒரு நாளு ஒரு கல்யாணப் படம் பாதி பாத்துட்டு வுட்டுட்டான். ஏன் வுட்டான்னு அன்னிக்குப் பூரா யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். நீங்க வந்துட்டுப் போன மறுநாள் போட்டுப் பாத்தா வரிசையே இல்லண்ணா. எல்லாம் புதுசா, பளபளன்னு இருக்குது. எம்புள்ள எங்க போனான்னே தெரியல."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிமோட்டைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

சரி, தப்பு செய்தாகிவிட்டது, திருத்த வழி? பழைய கணக்கைத் திறக்க இரண்டு வேண்டும். ஒன்று, பையனின் போன் நம்பர். மாதம்மா கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களையும் கடகடவென்று சொன்னது. இரண்டாவது, அந்த நம்பருக்குப் போகும் ஆறு இலக்க ஓ.டி.பி. அது அவன் கையில் இருக்கும். அவனிடம் கேட்காமல் வேறு வழி இல்லை.

"நீயே பேசிக் கேட்டுடும்மா, என் போன் இருக்கு" என்றேன்.

மாதம்மா இரண்டடி பின்னால் போனது. "நான் போன் போட மாட்டேண்ணா. அவனுக்கு நானா கூப்புட மாட்டேன்னு இவரு கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

இந்தப் பக்கம் கையில் அடித்த சத்தியம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நான் வற்புறுத்தவில்லை. நானே கூப்பிட்டேன். நான் பேசிய அழகைக் கேளுங்கள். "தம்பி, உங்க வூட்டுல இருந்து டி.வி. மெக்கானிக் பேசறேன். உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வரும், அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

நாடு பூராவும் திருடர்கள் இதையேதான் சொல்கிறார்கள். யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள் என்று கஸ்டமர்களுக்கு நானே ஆயிரம் தடவை பாடம் எடுத்திருக்கிறேன். பையன், "வேற வேலை இல்லயா உங்களுக்கு?" என்று கட் பண்ணினான். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை மணியே அடிக்கவில்லை. நம்பரைத் தடுத்துவிட்டான்.

மாதம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது. "வுடுங்கண்ணா" என்றது. ஒரு கஸ்டமர் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த "வுடுங்கண்ணா"வைத் தாங்க முடியவில்லை. பையில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன், திரும்பவும் வெளியே எடுத்து வைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே தோட்டத்தில் மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். என் போன் அடித்தது. அவன்தான்.

"சார், நீங்க நெஜமாவே எங்க வூட்டுல இருந்தா பேசனீங்க?" குரல் வேறு மாதிரி இருந்தது. "கட் பண்ணிட்டு சும்மா அந்த ஆப்பைத் தொறந்து பாத்தேன் சார். மூணு நாலு நாளா அம்மா சீரியல் அதே எடத்துல நிக்குது. யானைப் படமும் நகரல. நான் வேலை மும்முரத்துல கவனிக்காம வுட்டுட்டேன். எங்க வூட்டுல யாருக்கு என்னா சார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கு ஒன்றுதானே. இங்கே தெரிகிற வரிசை அங்கேயும் தெரியும். ஒரே வரிசையை இவர்கள் தோட்டத்தில் உட்கார்ந்தும், அவன் புனேயில் உட்கார்ந்தும் ஒன்றரை வருடமாகப் பார்த்திருக்கிறார்கள். இருபது வருடம் இந்த வேலை செய்தவனுக்கு இது தோன்றவில்லை.

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. எல்லாரும் நல்லா இருக்காங்க. தப்பு என்னோடது, உன் கணக்கை நான்தான் எடுத்துட்டேன்" என்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், "யானைப் படமா? அம்மா அதெல்லாம் பாக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"அம்மா எங்க சார் பாக்கும்? அப்பாதான். யானை வந்து தக்காளிய மிதிச்சுட்டுப் போச்சுன்னு திட்டிக்கிட்டே இருப்பாரு, ஆனா யானைப் படம்னா உசுரு. தெனமும் மத்தியானம் பத்து நிமிசம் நகரும். அது நகந்துச்சுன்னா அப்பா தோட்டத்துல இருந்து வந்து சாப்ட்டு உக்காந்துட்டாருன்னு தெரிஞ்சுக்குவேன். ரூம்ல எல்லாரும் உன் கணக்குல இருந்து அந்த டி.வி.ய எடுத்துடுடான்னாங்க. அதுக்காகவே நான் எடுக்கல."

அந்தக் கண்றாவியைத் தொடுவதே இல்லை என்று சொன்ன பெரியசாமியை நினைத்துக்கொண்டேன். போனை மாதம்மாவிடம் நீட்டினேன்.

மாதம்மா வாங்கவில்லை. வெளியே தோட்டத்துப் பக்கம் பார்த்தது.

"நீ கூப்புடலம்மா, அவன்தான் கூப்புட்டிருக்கான். அதுவும் என் போனுக்கு" என்றேன்.

மாதம்மா ஒரு கணம் யோசித்தது. "ஆமா, நான் கூப்புடலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வாங்கிக் காதில் வைத்தது. ஒன்றரை வருடம் கழித்துப் பெற்ற தாய் மகனிடம் பேசப்போகிறது, என்ன சொல்லும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"அந்த ஆறு நம்பரு வந்துதா சாமி? சொல்லு" என்றது.

நான் அதற்குள் அவன் நம்பரை மறுபடி போட்டுவிட்டு, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு டி.வி. முன்னால் நின்றேன். திரையில் ஆறு கட்டங்கள், பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கம் அவன் சொல்லச் சொல்ல மாதம்மா சத்தமாகத் திருப்பிச் சொன்னது.

"ஏழு. ம். ரெண்டு. ம். இருப்பா, இரு. மறுபடியும் ரெண்டா? மொதல்ல இருந்து சொல்லு சாமி."

அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். மாதம்மாவுக்கு ஒரு எண்ணும் தப்பவில்லை, மகனின் பத்து எண்களை மனதில் வைத்திருக்கிற ஆளுக்கு ஆறு எண் என்ன கணக்கா? ஆனாலும் இன்னொரு தடவை கேட்டது. "தொண்டை கட்டியிருக்குதா உனக்கு? நம்பரு சரியா கேக்கல. மறுபடியும் சொல்லு."

அப்போதுதான் கவனித்தேன், மோட்டார் சத்தம் நின்றிருந்தது. கரண்ட் போகவில்லை, டி.வி. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பெரியசாமி உள்ளே வரவில்லை. சுவர் ஓரமாக, தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் நகரவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, என் விரலுக்கு அடியில் ஐந்து எண்கள் ஏறியிருந்தன. ஆறாவது எண் எட்டு என்று மாதம்மா மூன்று தடவை சொல்லிவிட்டது. அமுக்கினால் கணக்கு திறந்துவிடும். வரிசை வந்துவிடும். நான் போனை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வைத்துவிடலாம். வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். திரையில் இன்னும் ஒன்பது விநாடி இருந்தது.

நான் அமுக்கவில்லை.

ஒன்பதும் ஓடித் தீர்ந்தது. கட்டங்கள் காலியாகின. நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் அனுப்பவா என்று திரை கேட்டது. இத்தனை வருட வேலையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், எல்லாம் தெரியாமல் செய்தது. தெரிந்தே செய்தது இது ஒன்றுதான். கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்: பழைய கணக்கை எடுப்பதற்கு முன்னால், நேற்று அதில் என்ன தெரிந்தது என்று அந்த வீட்டில் இருக்கிற எல்லோரையும் கேளுங்கள். தொடுவதே இல்லை என்று சொல்பவரை இரண்டு தடவை கேளுங்கள்.

மாதம்மா காலியான கட்டங்களைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அதற்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டி.வி. முன்னால் தரையில் வசதியாக உட்கார்ந்தது.

"நேரம் முடிஞ்சு போச்சாம் சாமி" என்றது போனில். "இன்னொரு நம்பரு வருமாம். வர்ற வரைக்கும் போன வெச்சுடாத."